இரண்டு தாள்களும் ஒரு சொம்பு மோரும்

இயந்திர வழக்கு ஒன்றில் கோர்ட்டுக்கு உதவ வைத்திருந்த நிபுணரைப் பாதியில் மாற்றிவிட்டார்கள் என்று போன மாதம் பொன்னுசாமி வந்து சொன்னார். இப்போது நான் இருந்த இடத்தில் டவாலியாக இருப்பவர் அவர். "உங்க காலத்துல இப்படி நடந்திருக்குங்களா?" என்று கேட்டார். நடந்திருக்கிறது என்றேன். அப்படியானால் கோர்ட்டு ஊழியர் சங்க மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றார். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. எட்டாவது வரை படித்தேன். சம்பந்தப்பட்ட இருவரும் இப்போது உயிரோடு இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் சேலம் கோர்ட்டில் மசால்ச்சியாகச் சேர்ந்தேன். முன்பு விளக்கு ஏந்தியவர்களுக்கு இருந்த பெயர் அது. என் காலத்தில் விளக்கு இல்லை, விளக்குமாறுதான். ரெக்கார்டு ரூம் கூட்டினேன். பிறகு வழக்குக் கட்டுத் தூக்கினேன். பிறகு சம்மன் கொண்டு போனேன். நாமக்கல், ராசிபுரம் எல்லாம் அப்போது சேலம் மாவட்டம்தான். பஸ் போகாத ஊருக்கு நடந்தே போனேன். பத்து வருஷம் அப்படிப் போனது. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. அதன் பிறகு ஜட்ஜ் அய்யாவின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் டவாலி ஆனேன்.

எழுபதுகளின் கடைசியில் அந்த வழக்கு வந்தது. வாதி அர்த்தனாரி. கோரிமேட்டில் லேத் பட்டறை வைத்திருந்த ஃபிட்டர். எதிர்வாதி ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி மில் முதலாளி.

ஜவ்வரிசி எப்படி ஆகிறது என்று இந்தப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர் படித்தால் தெரியட்டும். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்துப் பாலெடுத்து, தொட்டியில் தெளியவைத்து, அடியில் தங்கும் ஈர மாவை எடுத்துக் குலுக்குவார்கள். குலுக்கினால் மாவு உருண்டு மணியாகும். முன்பு துணியில் போட்டு இரண்டு ஆள் பிடித்துக் குலுக்கினார்கள். பிறகு தட்டு வைத்த இயந்திரம் வந்தது. அது முன்னும் பின்னும் மட்டும் ஆடியது. மாவு தட்டில் ஒட்டியது. அர்த்தனாரி செய்த தட்டு ஒரு முனைக்குப் போகும்போது கொஞ்சம் துள்ளும். அரை விரல் உயரம்கூட இருக்காது. அந்தத் துள்ளலில் மாவு ஒட்டாமல் உருளும். அதற்கு அவர் பேட்டண்ட் வாங்கியிருந்தார். அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டு, பட்டறையில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்.

மில் முதலாளி அதே போல ஒன்றை வேறு பட்டறையில் செய்துகொண்டார் என்பது வழக்கு. "என் தட்டு துள்ளாது, வெறுமனே ஆடும். ஷாஃப்டே வேறு" என்பது முதலாளியின் பதில். துள்ளுகிறதா, இல்லையா? மொத்த வழக்கும் இதுதான். முதலாளி ஜெயித்தால் மற்ற மில்காரர்கள் எல்லோரும் அதே போலச் செய்துகொள்வார்கள். அர்த்தனாரியின் பட்டறையில் ஆறு பேர் வேலை செய்தார்கள். அதை மூட வேண்டியதுதான்.

ஜட்ஜ் அய்யா சட்டம் தெரிந்தவர். இயந்திரம் தெரியாது என்று அவரே சொன்னார். சட்டத்தில் இடம் இருப்பதால் பொறியியல் பேராசிரியர் ஒருவரைத் தொழில்நுட்ப ஆலோசகராக நியமித்தார். விசாரணை நாளில் அவருக்கு மேடையில் ஜட்ஜ் அய்யாவுக்கு இடது பக்கம் நாற்காலி. அந்த நாற்காலியைப் போட்டவன் நான். அவர் நீதிபதி இல்லை. ஆனாலும் வெளியே டீக்கடை வரைக்கும் அவரை 'மெஷின் ஜட்ஜ்' என்றுதான் சொன்னார்கள்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் பென்சில், சீவ ஒரு சின்னக் கத்தி. என்னை 'வாங்க, போங்க' என்றுதான் சொல்வார். டவாலியை அப்படிக் கூப்பிடுகிற பெரிய மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எதைச் செய்தாலும் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிப்பார். இரண்டு பக்கத்தாரிடமும் வணக்கம் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார். கட்சிக்காரர் வண்டியில் ஏற மாட்டார். பஸ்தான். அவருக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள்.

முதலில் அர்த்தனாரி பட்டறைக்குப் போனோம். அவர் மனைவி பாவாயி காப்பி கொண்டுவந்தார். "வேண்டாம்மா" என்றார் பேராசிரியர். "எனக்கு மட்டுமில்லை, இவருக்கும் வேண்டாம்." எனக்குக் காப்பி வேண்டும் போலத்தான் இருந்தது.

அவர் செய்த வேலை இது. தட்டின் பக்கவாட்டில் ஒரு பென்சிலைக் கிளிப் போட்டு இறுக்கினார். ஒரு பலகையில் தாள் குத்தி, பென்சில் முனை தாளில் படும்படி என்னைப் பிடிக்கச் சொன்னார். "மூச்சை விட்டுட்டுப் பிடிங்க. கை அசையக்கூடாது" என்றார். பெல்ட்டைக் கழற்றிவிட்டு சக்கரத்தைத் தன் கையால் சுற்றினார். தட்டு போன வழியைப் பென்சில் தாளில் போட்டது. வெறுமனே முன்னும் பின்னும் போனால் ஒரு கோடுதான் விழும். இது கோடு இல்லை. மாங்கொட்டையைப் படுக்கவைத்தது போல இருந்தது. ஒரு முனை மட்டும் தூக்கியிருந்தது. தாளின் மூலையில் நேரத்தைக் குறித்து மடித்துப் பையில் வைத்தார். இரண்டு பக்கத்து வக்கீல்களும் கட்சிக்காரர்களும் வாசலுக்கு வெளியே நின்றார்கள். அருகில் வர விடவில்லை.

மறு வாரம் ராசிபுரம் மில்லுக்குப் போனோம். சித்திரை மாதம். கொட்டகைக்கு மேலே தகரம். கிழங்கு புளித்த வாடை. பேராசிரியர் சாப்பாட்டையும் தண்ணீரையும் தானே கொண்டுவந்திருந்தார். உச்சிப்பொழுதுக்குள் ஃபிளாஸ்கில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. மில் தண்ணீர் வேண்டாம் என்றார். வேலை பாதிதான் ஆகியிருந்தது.

முதலாளியின் மனைவி பித்தளைச் சொம்பில் மோர் எடுத்துக்கொண்டு வந்தார். பேராசிரியர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு இயந்திரத்துக்குள் குனிந்துகொண்டார். அந்த அம்மா போகவில்லை. என்னிடம் வந்தார்.

"ஏஞ்சாமி, மோருகூட வேண்டாங்களாமா? எங்கூட்டுத் தண்ணி அத்தனை தீட்டா போச்சுங்களா?"

"அப்படியில்லீங்க அம்மா. கோர்ட்டு வேலைங்க."

"கோர்ட்டு கேஸு ஆம்பளைங்களோட இருக்கட்டுங்க. ஊட்டுக்கு வந்த மனுசன் தாகத்துல வாய் ஒணந்து போனா எனக்கு ராத்திரி சோறு எறங்குமுங்களா?"

நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். ஒரு பொம்பளை மோர்ச் சொம்போடு நிற்க, வேண்டாம் என்று அனுப்பிப் பழக்கமில்லை. பேராசிரியருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு கொட்டகை ஓரத்துக்குப் போய், சொம்பிலிருந்த மோரை அதில் ஊற்றிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் நிமிர்ந்தார். "தண்ணி கொஞ்சங்கூட இல்லையா?"

"மோர் இருக்குங்க."

"ஏது?"

"கடையில வாங்குனதுங்க" என்றேன்.

அங்கே கடை ஏது. மூன்று மைலுக்குப் பனைமரம்தான். அவருக்கு அந்த ஊர் தெரியாது. ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றி இரண்டு மூடி குடித்தார். நேரம் குறிக்கவில்லை. பிறகு பலகையை என்னிடம் கொடுத்தார். தட்டு போன வழியைப் பென்சில் இரண்டாவது தாளில் போட்டது.

வாசலுக்கு வெளியே அர்த்தனாரி நின்றுகொண்டிருந்தார். சொம்பு வீட்டிலிருந்து வந்ததையும், நான் ஊற்றியதையும், பேராசிரியர் குடித்ததையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

சாயந்திரம் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பயணியர் விடுதி அறையில் உட்கார்ந்தோம். பேராசிரியர் இரண்டு தாள்களையும் எடுத்தார். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். வெளியே இன்னும் வெயில் இருந்தது. நான் பின்னாலிருந்து பார்த்தேன். இரண்டு மாங்கொட்டை தெரியவில்லை. ஒன்றுதான் தெரிந்தது.

பேராசிரியர் வெகு நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மடித்துக் கவரில் போட்டார்.

"மாரிமுத்து, நீங்க பார்த்தது உங்களோட இருக்கட்டும். அறிக்கை கோர்ட்டுக்குப் போகிற வரை நானும் பேசமாட்டேன், நீங்களும் பேசக்கூடாது."

"சரிங்க அய்யா" என்றேன்.

அறிக்கை கோர்ட்டுக்குப் போகவில்லை. அதற்கு முன் அர்த்தனாரியின் வக்கீல் மனுப் போட்டார். ஆலோசகர் எதிர்வாதியின் வீட்டில் மோர் அருந்தினார், அவர் மீது வாதிக்கு நம்பிக்கை இல்லை, வேறு ஆலோசகர் வேண்டும் என்று மனு.

வாதாடின அன்று கோர்ட் நிறைய ஆள். எதிர்வாதி வக்கீல் எழுந்தார். "மோர் குடிச்சா மெஷின் மாறிடுங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அர்த்தனாரி சிரிக்கவில்லை. வக்கீலை முந்திக்கொண்டு அவரே பேசினார்.

"சிரிக்காதீங்க சாமி. எங்க பக்கத்துல ஒருத்தன் ஊட்டுல வாய் நனைச்சவன் அந்த ஊட்டுக்கு எதிரா பேசமாட்டானுங்க. எங்கூட்டுல காப்பி குடுத்தோம், தொடலீங்க. அங்க போய் ரெண்டு மூடி குடிக்கறாருங்க. நான் எண்ணிட்டிருந்தேனுங்க."

ஜட்ஜ் அய்யா அவரை உட்காரச் சொன்னார். பேராசிரியரைப் பார்த்தார். அவர் எழுந்து நின்றார். "எதிர்வாதியிடமிருந்து நான் எதுவும் வாங்கவில்லை. குடித்த மோர் கடையில் வாங்கியது. உடன் வந்த ஊழியர் வாங்கிவந்தார்" என்றார். குரலில் ஒரு தடங்கலும் இல்லை. அவர் அதை உண்மை என்று நம்பினார்.

ஜட்ஜ் அய்யா என் பக்கம் திரும்பினார். நான் அவர் நாற்காலிக்குப் பின்னால், வெள்ளை உடுப்பும் சிவப்புப் பட்டையுமாக நின்றுகொண்டிருந்தேன். பதினைந்து வருஷம் அந்த மாதிரி நின்று மற்றவர்களைக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். என்னை யாரும் கேட்டதில்லை.

"மாரிமுத்து, அந்தக் கடை எங்கே இருக்கு?"

நான் பட்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"உன்னைத்தான் கேட்கிறேன்."

"கடை இல்லீங்க அய்யா. மில்லுக்காரர் ஊட்டு மோருங்க. அவருக்குத் தெரியாதுங்க. நாந்தான் கடைன்னு சொன்னேனுங்க."

யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. தாளைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு ஜட்ஜ் அய்யாவிடம் சொன்னார். "தெரிந்து குடித்தேனா தெரியாமல் குடித்தேனா என்பதை வாதியால் பார்க்க முடியாது. குடித்ததைத்தான் அவர் பார்த்தார். நான் விலகிக்கொள்கிறேன்."

உத்தரவு அன்றே ஆனது. ஆலோசகர் மாற்றப்படுகிறார். அறிக்கை தாக்கல் ஆகாததால், மனு வந்ததும் அவர் கவரில் மூடிக் கோர்ட்டில் ஒப்படைத்திருந்த குறிப்புகள் பிரிக்காமல் அவருக்கே திருப்பித் தரப்பட வேண்டும். புதிய ஆலோசகர் முதலிலிருந்து பார்க்க வேண்டும். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ. அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

அர்த்தனாரி கோர்ட்டு வாசலில் என் கையைப் பிடித்தார். "உங்க ஒருத்தராலதானுங்க எனக்கு நாயம் கெடைச்சுது. கும்பிட்டுக்கறேனுங்க" என்றார்.

நான் கையை இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் அரக்கு சீல் வைத்த கவரைக் கொடுத்து அனுப்பினார்கள். பேராசிரியர் வீடு கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை ஏறும் இடத்துக்குக் கீழே. பஸ் கோரிமேடு வழியாகத்தான் போகும். கவர் பைக்குள். பை மடியில். கோரிமேட்டில் பஸ் நின்றது. ஜன்னலில் அர்த்தனாரி பட்டறை தெரிந்தது. அவர் லேத்துக்கு முன்னால் குனிந்து நின்றார். இரும்புச் சுருள் அவர் காலடியில் விழுந்துகொண்டிருந்தது.

இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழைய ஆளே போதும் என்று மறுபடி மனுப் போடுங்கள், அவர் உங்களுக்குத்தான் எழுதுவார் என்று. சொன்னால் கோர்ட்டு ரகசியத்தை விற்றவன் ஆவேன். பேராசிரியரிடம் 'சரிங்க அய்யா' என்று சொன்னதும் போய்விடும். ஏற்கனவே ஒரு முறை அவரை ஏமாற்றியாகிவிட்டது. இதையெல்லாம் அப்போது இவ்வளவு தெளிவாக நினைத்தேனா, தெரியாது. கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் கிளம்பியது. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

பேராசிரியர் கவரை வாங்கிப் புரட்டி சீலைப் பார்த்தார். ரசீதில் கையெழுத்துப் போட்டு நேரத்தையும் எழுதினார். "மன்னிச்சுக்குங்க அய்யா" என்றேன்.

"தாகம் எனக்குத்தானே இருந்தது" என்றார். உள்ளே போய்விட்டார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

புதிய ஆலோசகர் வர ஏழு மாதம் ஆனது. மேட்டூரில் கம்பெனி வேலை பார்த்து ஓய்வுபெற்ற இன்ஜினியர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நேர்மையான ஆள். இரண்டு கேன் தண்ணீரோடு வந்தார். வழி தெரியும் என்று என்னையே அவரோடு அனுப்பினார்கள். ராசிபுரம் மில் வாசலில் முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க டவாலி, போன தடவ எங்கூட்டு மோரு ஜாஸ்தி புளிச்சிருச்சுங்களா? இந்தத் தடவ காட்டவே மாட்டோமுங்க."

கொட்டகைக்குள் போனோம். இயந்திரம் அதே இடத்தில் இருந்தது. ஆனால் தட்டுக்குக் கீழே புதுத் தாங்கி வைத்திருந்தார்கள். வெல்டிங் பத்து நாள்கூட ஆகியிருக்காது. மேலே பச்சைப் பெயின்ட். எனக்கே தெரிந்தது. அர்த்தனாரிக்குத் தெரியாமல் இருக்குமா. வாசலிலிருந்து கத்தினார்.

"மாத்திட்டாங்க! அய்யா, இது அந்த மெஷின் இல்லீங்க! வெல்டிங்கைப் பாருங்க, புதுசுங்க!"

"ஒடஞ்சுதுங்க, மாத்துனோம்" என்றார் முதலாளி. "மெஷினுன்னா ஒடையாதுங்களா? இவுரு செய்யற மெஷினு ஒடையறதே இல்லைங்களாக்கும்?"

புதிய ஆலோசகர் இரண்டு பக்கமும் கேட்டார். "முன்னால் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு இருப்பதைத்தான் நான் எழுத முடியும்" என்றார். என்னை அவர் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் நியாயமில்லை. நாள் முழுவதும் ஸ்கேலும் வெர்னியருமாக அளந்தார். தட்டு முன்னும் பின்னும் ஆடியது. துள்ளவில்லை. மாவு ஒட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். ஒரு வழக்குக்காகக் கொஞ்ச நாள் மாவு ஒட்டினால் அந்த மில்லுக்கு நஷ்டமில்லை.

அர்த்தனாரியின் வக்கீல் கோர்ட்டில் கடைசியாக ஒன்று கேட்டார். முதல் ஆலோசகரின் குறிப்புகளை வரவழைத்துப் பார்க்க வேண்டும் என்றார். ஜட்ஜ் அய்யா கண்ணாடியைக் கழற்றினார். "அவர் வேண்டாம் என்று மனுப் போட்டவர் நீங்கள். அவர் எழுதியது மட்டும் வேண்டுமா?" என்றார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

வழக்கு தள்ளுபடி ஆனது. அடுத்த கிழங்கு சீசனுக்குள் அந்தப் பக்கத்து மில்களில் எல்லாம் தட்டு துள்ள ஆரம்பித்தது. ராசிபுரம் மில்லிலும் பச்சைப் பெயின்ட் தாங்கியைக் கழற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அர்த்தனாரி அப்பீல் போகவில்லை. பட்டறையை மூடினார். ஓமலூர் பக்கம் ஒரு மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்தார். அங்கும் குலுக்குத் தட்டுதான். அவர் செய்தது போல யாரோ செய்தது. அது நின்றுபோனால் சரிசெய்வது அவர் வேலை.

வழக்கு முடிந்து சில வருஷம் கழித்து, கோர்ட்டில் கொடுத்த ஆவணங்களைத் திரும்ப வாங்க அவர் வந்தார். ரிஜிஸ்தரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பேட்டண்ட் காகிதத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். முதுகில் கோர்ட் முத்திரையும் சான்று எண்ணும் இருந்தன. அவர் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. சுருட்டி மஞ்சள் பையில் வைத்தார்.

வெளியே புளியமரத்தடியில் ஒருவர் பானையில் மோர் விற்பார். வெயில் காலம். அர்த்தனாரி என்னைக் கூப்பிட்டார்.

"வாங்க, ஒரு டம்ளர் குடிக்கலாமுங்க. கேஸுதான் முடிஞ்சுபோச்சே. இப்ப தப்பில்லீங்களே?"

"தப்பில்லீங்க" என்றேன்.

இரண்டு டம்ளர் வாங்கினார். அவர் ஒரு வாய் குடித்தார். பஸ் போகிற பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க மாரிமுத்து, பலகையப் புடிச்சது நீங்கதானுங்க. அந்த மொத ஆளு போட்ட தாளுல என்னங்க இருந்துச்சு?"

நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேராசிரியருக்குக் கொடுத்த வார்த்தைக்கு இனி வேலையில்லை. அறிக்கையும் இல்லை, வழக்கும் இல்லை. சொல்லலாம். சொன்னால், தன்னைக் காப்பாற்ற வந்த ஒரே ஆளைத் தானே விரட்டினோம் என்று இவருக்குத் தெரிந்துவிடும். இனி ஓமலூர் மில்லில் அந்தத் தட்டு துள்ளும் ஒவ்வொரு முறையும் தெரியும்.

"எனக்கு அதெல்லாம் புரியாதுங்க. எட்டாவது படிச்சவனுங்க. ஏதோ கிறுக்கலாட்டம் இருந்துச்சுங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அதுவுஞ் சரிதானுங்க. அவங்கூட்டு மோரக் குடிச்சவரு, எனக்கா எழுதியிருக்கப் போறாரு?"

"ஆமாங்க" என்றேன்.

ஓமலூர் பஸ் வந்தது. "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினார். மோர் நன்றாகப் புளித்திருந்தது. முழுவதையும் குடித்துவிட்டுத்தான் டம்ளரைக் கீழே வைத்தேன்.